அடைப்புக்குறிகளை அடித்துவிடு

அன்புள்ள தம்பி,

உன் உப்பள நாடகத்தை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். மூன்றாம் காட்சியில் அந்தத் தாய், செத்துப்போன மகனுக்கும் சேர்த்து அரிசி அளக்கிறாள். அளந்த பிறகு அரைப்படியைத் திரும்பப் பானையில் கொட்டுகிறாள். பிரதியை மூடிவைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். நாற்பது வருடமாக எழுதுகிறேன், இப்படி ஒரு காட்சி எனக்கு வாய்த்ததில்லை.

ஆனால் அதே இடத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன எழுதியிருக்கிறாய்? 'நான்கு விநாடி மௌனம். இடது கையால் முந்தானையைச் செருகுகிறாள். வலப்பக்கம் இரண்டடி.' அந்த நான்கு விநாடியை யார் எண்ணுவது? அரிசியைக் கொட்டினாள் என்பதோடு நீ நிறுத்தியிருந்தால், நடிக்கிற பெண் தன் வீட்டுச் சாவு ஒன்றை நினைத்து அந்த மௌனத்தைத் தானே கொண்டுவந்திருப்பாள். பென்சிலால் குறித்துக்கொண்டே போனேன்: எண்பது பக்கத்தில் 212 அடைப்புக்குறிகள். போதாததற்கு, 'ஒரு சொல்லையும் மாற்றக்கூடாது' என்று முதல் பக்கத்திலேயே அறிவிப்பு.

நாடகாசிரியர் பெக்கெட் அப்படித்தானே இருந்தார் என்பாய். உண்மைதான். 1984இல் அமெரிக்காவில் அவருடைய 'எண்ட்கேம்' நாடகத்தைச் சுரங்க ரயில் நிலையத்தில் நடப்பதுபோல் போட்டார்கள். அவர் கடுமையாக எதிர்த்தார். அவருடைய கண்டனத்தையும் அச்சிட்டுக் கொடுத்துத்தான் நாடகம் நடந்தது. ஆனால் 1975இல் பெர்லின் ஷில்லர் அரங்கில் தம் 'கோடோ' நாடகத்தைத் தாமே இயக்கியபோது, அதே மனிதர் தம் வசனங்களை வெட்டினார், மாற்றினார். நடிகர்கள் எதிரே வந்து நின்றதும் எழுதியவருக்கே பிரதி போதவில்லை. அடுத்தவருக்கு மட்டும் அது எப்படிப் போதும்?

பிரெக்ட் தம் 'வெண்கட்டி வட்டம்' நாடகத்தைப் பழைய சீன நாடகம் ஒன்றிலிருந்து எடுத்தார். அதை நம் புரிசைத் தெருக்கூத்துக் கலைஞர்கள் கூத்தாக ஆடினார்கள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் உள்ளே வந்தபின் யாருடைய அடைப்புக்குறி நிற்கும்? காலையில் ஊரில் நடந்ததை இரவில் துரியோதனன் சபையிலேயே பேசிவிடுவான். பாரதக் கூத்து இன்னும் விடிய விடிய ஆடப்படுவது அவனால்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

அதற்காக உன் உரிமையை விடச் சொல்லவில்லை. உன் பெயரைப் போடச் சொல், ராயல்டியைக் கறாராகக் கேள், மாற்றுவதை முன்கூட்டிச் சொல்லச் சொல். இதிலெல்லாம் விட்டுக்கொடுக்காதே.

எண்பதுகளில் செய்யாறு பக்கத்துக் கிராமம் ஒன்றில் இளைஞர்கள் சிலர் என் நாடகத்தைப் போட்டார்கள். நிலத்தை இழந்த கிழவர்தான் கதை. நடிக்க இருந்த பெரியவருக்குக் காய்ச்சல் வந்துவிட, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அந்த வேடத்தைக் கொடுத்துவிட்டார்கள். தாடிகூட ஒட்டவில்லை. பத்திரத்தில் கைநாட்டு வைக்கும் காட்சியில் பையன் கட்டைவிரலை மையில் அழுத்தி, அதைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். நான் எழுதாத ஒன்று. சாப்பிடக் கூப்பிட்டார்கள், கோபத்தில் சாப்பிடாமல் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன். அந்த இயக்குநரோடு ஆறு வருடம் பேசவில்லை.

இன்றைக்கு அந்த நாடகத்தை எடுத்தால் கிழவர் குரல் எனக்குக் கேட்பதேயில்லை. அந்தப் பையன்தான் பேசுகிறான்.

மூன்றாம் காட்சியை மட்டும் அடைப்புக்குறி இல்லாமல் எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்