மருந்து ஜெயிச்சது, ஷேர் வாங்கினவர் தோத்தார்: சோழிங்கநல்லூர் சொல்லும் பாடம்



பயோடெக் ஸ்டார்ட்அப் பத்தின வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அடுத்த பெரிய மருந்தைக் கண்டுபிடிக்கப் போற கம்பெனியோட ஷேரை இப்பவே வாங்கிப் போட்டா என்ன சார்?"

பதில் நம்ம ஏரியாவிலேயே இருக்கு. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியா ஓ.எம்.ஆர். ஆபீஸுக்குப் போறவங்களுக்கு சோழிங்கநல்லூர் நல்லா பழக்கம். அங்கே இருந்த ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் கணக்கை இன்னைக்குப் பார்ப்போம்.

முதலில் அறிவியல்

கே. ராகவேந்திர ராவ் 1992ல் தொடங்கிய கம்பெனி ஆர்க்கிட் கெமிக்கல்ஸ். பின்னாளில் ஆர்க்கிட் பார்மா ஆனது. திருப்போரூர் பக்கம் ஆலத்தூரில் ஆன்டிபயாடிக் தொழிற்சாலை, சோழிங்கநல்லூரில் ஆராய்ச்சிக்கூடம்.

சில பாக்டீரியாக்கள் ஆன்டிபயாடிக்கையே உடைக்கும் என்சைமைச் சுரக்கும். அதனால் மருந்து கொடுத்தும் பலன் இருக்காது. அந்த என்சைமைத் தடுக்க ஆர்க்கிட் விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மூலக்கூறுதான் என்மெட்டாசோபாக்டம். செஃபிபைம் என்ற பழைய ஆன்டிபயாடிக்கோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால், அது மறுபடி வேலை செய்யும்.

2013ல் இதன் உரிமம் ஐரோப்பாவில் உள்ள அலெக்ரா தெரபியூட்டிக்ஸுக்குப் போனது. கடுமையான சிறுநீர்த் தொற்று உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் மூன்றாம் கட்டப் பரிசோதனை நடந்தது. புது மருந்து எடுத்தவர்களில் 79.1% பேருக்கு சிகிச்சை வெற்றி, வழக்கமான மருந்து எடுத்தவர்களில் 58.9% பேருக்குத்தான். 2024 பிப்ரவரியில் அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது.

நம்ம ஓ.எம்.ஆரில் பிறந்த மூலக்கூறு அமெரிக்க அனுமதி வரை போயிருக்கு. பெருமையான விஷயம்தான், சந்தேகமே இல்லை.

இப்போ ஷேர்ஹோல்டர் கணக்கு

2007ல் ஒரு 25 வயசுக்காரர் இந்த ஆராய்ச்சியை நம்பி ஆர்க்கிட் ஷேர் வாங்கினார்னு வெச்சுக்கோங்க. அவர் நம்பிக்கை தப்பே இல்லை. ஆனா அதே 2007ல் கம்பெனி 17.5 கோடி டாலருக்கு வெளிநாட்டு கன்வெர்ட்டிபிள் பாண்ட் வெளியிட்டது. ஷேர் விலை ஏறினால் பாண்ட் வாங்கினவர் அதை ஷேரா மாத்திக்குவார், ஏறலைன்னா குறிச்ச தேதியில் பணமாத் திருப்பிக் கொடுக்கணும். 2012ல் கெடு வந்தபோது ஷேர் விலை கீழே இருந்தது. பாண்டை அடைக்கப் புதுக் கடன்.

நடுவில் 2010ல் ஊசி மருந்துத் தொழிலை ஹாஸ்பிரா என்ற அமெரிக்க கம்பெனிக்கு சுமார் 40 கோடி டாலருக்கு விற்றார்கள். அப்பவும் கடன் தீரலை. 2017 ஆகஸ்டில் திவால் நடவடிக்கை தொடங்கியது. கடன் கொடுத்தவர்களின் பாக்கி 3,000 கோடி ரூபாய்க்கு மேல். முதலில் தேர்வான நிறுவனம் பணம் கட்டலை. கடைசியில் 2020 மார்ச்சில் தனுகா லேபரட்டரீஸ் கைக்குக் கம்பெனி போனது.

அப்புறம் ஷேர் யார் யாரிடம் இருந்தது? தனுகாவிடம் சுமார் 98%. பழைய பொது முதலீட்டாளர்கள் எல்லாருக்கும் சேர்த்து மிஞ்சியது சுமார் 0.5%. புரமோட்டருடைய ஷேர்கள் முழுசா ரத்து.

மருந்துக்கு அனுமதி கிடைச்ச 2024ல் நம்ம ஆளுக்கு வயசு 42. ஒரு லட்சத்தை 7% டெபாசிட்டில் போட்டு 17 வருஷம் மறந்திருந்தாலே, வரிக்கு முன்னால் சுமார் 3.15 லட்சம் இருந்திருக்கும். மருந்தால் வரும் பலன் எல்லாம் புது உரிமையாளர்களுக்குத்தான்.

காரணம் இதுதான். ஆராய்ச்சிக்கு 10, 15 வருஷம் வேணும். கடனுக்குக் குறிச்ச தேதி உண்டு. ஒரு கம்பெனி மூழ்கும்போது முதலில் கடன்காரர், கடைசியில்தான் ஷேர்ஹோல்டர்.

இரண்டாவது பொறி

2020 நவம்பரில் ஆர்க்கிட் ஷேர் சுமார் 18 ரூபாய்க்கு மறுபடி சந்தைக்கு வந்தது. தினமும் அப்பர் சர்க்யூட். 2021 ஏப்ரலில் 2,000 ரூபாயைத் தாண்டிருச்சு! வியாபாரம் நூறு மடங்கு வளர்ந்ததாலா? இல்லை. வெளியே விற்க ஷேரே இல்லை. கொஞ்சூண்டு சரக்குக்கு எக்கச்சக்கமான ஆட்கள் போட்டி போட்டாங்க. பிறகு விதியை மாத்தி, திவாலில் இருந்து திரும்பி வரும் கம்பெனிகள் குறைந்தது 5% ஷேரையாவது பொதுமக்களிடம் வைத்திருக்கணும்னு கொண்டு வந்தாங்க.

அதனால "ஷேர் ஏறிக்கிட்டே இருக்கு"ன்னு வாட்ஸ்அப்பில் வந்தா, எத்தனை ஷேர் வெளியே இருக்குன்னு முதலில் பாருங்க. எக்ஸ்சேஞ்ச் வெப்சைட்டில் ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்னு ஒரு பக்கம் இருக்கு, இலவசம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டிய நாலு இடம்

1. கடன் எப்போ திருப்பணும்? ஆண்டறிக்கையின் நோட்ஸ் பகுதியில் இருக்கும். மருந்து வர 8 வருஷம், கடன் கெடு 3 வருஷம் என்றால் தள்ளி நில்லுங்க.

2. வட்டியைக் கட்ட லாபம் போதுமா? வட்டிக்கும் வரிக்கும் முந்தைய லாபத்தை வட்டியால் வகுங்க. 3க்குக் கீழே இருந்தா நான் யோசிப்பேன்.

3. ஆராய்ச்சிச் செலவை எங்கே காட்டுறாங்க? தொடக்க ஆராய்ச்சியைச் செலவாத்தான் எழுதணும். பிந்தைய மேம்பாட்டுச் செலவைச் சில நிபந்தனைகளோடு சொத்தாகக் காட்டலாம். அந்தச் சொத்து வருஷா வருஷம் வீங்கிக்கிட்டே போய், மருந்து மட்டும் வரலைன்னா, லாபம் வெறும் காகிதத்தில்தான்.

4. புரமோட்டர் தன் ஷேரை அடகு வெச்சிருக்காரா? இதுவும் அதே ஷேர்ஹோல்டிங் பக்கத்தில் தெரியும்.

நாலும் சரியா இருந்தாலும் ஒரு மருந்து பரிசோதனையில் தோற்கலாம். அதனால என் கணக்கு: ஆறு மாசச் செலவு கையிருப்பு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ், வழக்கமான எஸ்.ஐ.பி. மூணும் ஓடின பிறகு, மொத்த முதலீட்டில் 5% வரைதான் இப்படிப்பட்ட கம்பெனிக்கு. 3 லட்சம் சேர்த்திருந்தா 15,000. அது போனாலும் வாடகை நிக்காது.

அங்கேயே வேலை கிடைச்சா?

தரமணியில் டைசல் பயோ பார்க், ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க் எல்லாம் இருக்கு. நம்ம பசங்க நிறைய பேருக்கு அங்கே ஸ்டார்ட்அப் வேலை வருது. சம்பளத்தைக் குறைச்சு ஈசாப் கொடுத்தா இரண்டு கேள்வி கேளுங்க.

ஒண்ணு, கம்பெனி ஓடுறது கடனிலா, மானியத்திலா, முதலீட்டிலா? மத்திய அரசின் பைராக் அமைப்பு 50 லட்சம் வரை இக்னிஷன் கிராண்ட் கொடுக்குது. அது திருப்பித் தர வேண்டாத பணம், தொடக்க ஆராய்ச்சிக்கு அதுதான் பொருத்தம். இரண்டு, கையில் இருக்கும் பணம் இன்னும் எத்தனை மாசம் வரும்?

ஷேரை எடுக்கும்போது, விற்காமலேயே அது சம்பள வருமானமாக வரிக்கு வரும் என்பதையும் மறக்காதீங்க. வீட்டு பட்ஜெட்டில் ஈசாப் மதிப்பை பூஜ்யம்னே எழுதுங்க. அந்தச் சம்பளத்திலேயே வண்டி ஓடும்னா தாராளமா சேருங்க. நல்ல மருந்து வர அங்கே ஆள் வேணும்.

இது எந்த ஷேரையும் வாங்கவோ விற்கவோ சொல்லும் பரிந்துரை இல்லை. இந்த வாரம் ஒரு வேலை: உங்க போர்ட்ஃபோலியோவில் இருக்கும் ஏதாவது ஒரு பார்மா கம்பெனியின் ஆண்டறிக்கையைத் திறந்து, கடன் கெடு எந்த வருஷம்னு மட்டும் கண்டுபிடிங்க. எங்கே சிக்குதுன்னு கமெண்ட்டில் எழுதுங்க, அடுத்த வீடியோவில் சேர்ந்தே படிப்போம்.