ஒரு நாள் சென்னை: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

முதலில் கிழமையைப் பார்த்து டிக்கெட் போடு. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. திங்களன்று மெரினா கலங்கரை விளக்கமும் விவேகானந்தர் இல்லமும் இல்லை. செவ்வாய் வண்டலூர் பூங்கா கிடையாது. ஞாயிறு மாலை மெரினாவில் மணலே தெரியாத அளவுக்குக் கூட்டம். குழந்தைகளுக்கு லீவு கிடைத்தால் புதன், வியாழன்தான் நல்லது.

மாப்பிள்ளை எழுதி வைத்திருக்கும் பட்டியலில் பாதியை அடித்துவிடு. காலையில் இறங்கி ராத்திரியே ரயில் ஏறுகிறவர்களுக்கு வண்டலூர் சரிப்படாது, போய் வரவே அரை நாள் ஆகும். தி.நகரும் வேண்டாம். ரங்கநாதன் தெருவில் துணி எடுக்க வேண்டுமென்றால், குழந்தைகளை விட்டுவிட்டு அதற்கென்று ஒரு நாள் வா. எழும்பூர், திருவல்லிக்கேணி, மெரினா மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன. அது போதும். எத்தனை இடம் என்பதை உன் மாமியாரின் முழங்கால்தான் முடிவு செய்ய வேண்டும், மாப்பிள்ளையின் ஆசை அல்ல.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு நாள்தானே என்று ரூம் போடாமல் இருந்துவிடாதே. எழும்பூர் ஸ்டேஷனை ஒட்டிக் கென்னட் லேனில் நிறைய லாட்ஜ் உண்டு. 24 மணி நேர செக்-அவுட் உள்ள இடமா என்று போனிலேயே கேட்டுக்கொள். இல்லையென்றால் காலை 6 மணிக்குப் போய் நின்றாலும், மதியம் 12-க்குக் காலி பண்ணச் சொல்வார்கள். குளிக்க, சின்னவள் தூங்க, அத்தை கால் நீட்ட, அந்தப் பணம் தாராளமாகத் தகும். ரூம் வேண்டாம் என்றே முடிவானால், ஸ்டேஷன் க்ளோக் ரூமில் பையை வைக்கலாம். பூட்டு இல்லாத பையை எடுக்கமாட்டார்கள், சின்னப் பூட்டு ஒன்று கொண்டு வா. டிக்கெட்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

அருங்காட்சியகம் காலை 9.30-க்குத் திறக்கும். திறந்தவுடன் உள்ளே போய்விடு. 1851-ல் தொடங்கியது, பல கட்டடங்கள், எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடுவார்கள். திமிங்கல எலும்புக்கூட்டை முதலில் காட்டு, அவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். அடுத்து வெண்கலச் சிலைகள். திருவாலங்காட்டு நடராஜரையும் திருவெண்காட்டு அர்த்தநாரீஸ்வரரையும் நின்று நிதானமாகப் பாருங்கள். சிலையின் ஒரு பாதி ஆணாகவும் மறு பாதி பெண்ணாகவும் இருப்பதைப் பெரியவனையே கண்டுபிடிக்கச் சொல். பிறகு ஆதிச்சநல்லூர். நம் தாமிரபரணிக் கரையில் 1899 முதல் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த வெண்கலப் பாத்திரங்களும் இரும்புக் கருவிகளும் இங்கேதான் வந்து சேர்ந்தன. நம் ஊர் ஆற்றங்கரை மனிதர்கள் புழங்கி, அன்று அவர் தோண்டி எடுத்த பொருளைப் பார்க்கத்தான் நம் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வர வேண்டியிருக்கிறது. அதை அவர்களிடம் கட்டாயம் சொல்.

பதினொன்றரைக்குக் கிளம்பிவிடு. கூட்டம் சேர்வதற்கு முன் சாப்பிட்டு, ரூமுக்குப் போய் மூன்றரை வரை எல்லோரும் படுங்கள். கோவில்களும் நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும், வெயிலில் அலைந்து பயனில்லை.

நான்கு மணிக்குத் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில். பிறகு ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. இட்லி மூழ்கும்படி சாம்பார் ஊற்றுவார்கள், அத்தைக்குப் பிடிக்கும். ஐந்து பேருக்கு ஆட்டோ ஒன்று போதாது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. முகப்பில் பிங்க் நிறம் அடித்திருக்கும், பார்த்து ஏறு. ஆனால் நெரிசலான பஸ் வந்தால் விட்டுவிடு, அத்தைக்கு உட்கார இடம் கிடைப்பதுதான் முக்கியம்.

இனி மெரினா. இதை மட்டும் இரண்டு தடவை படி. ரோட்டிலிருந்து தண்ணீர் வரை மணல் ரொம்ப தூரம், முதியவர்களுக்குக் கால் புதையும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாற்றுத்திறனாளிகளுக்காக 2022-ல் போட்ட மரப்பாதை இருக்கிறது. அத்தையை அந்த வழியாகக் கூட்டிப் போ. கடலில் கால் நனைப்பதோடு சரி. அலை இழுப்பு அதிகம், குளிக்கத் தடையும் உண்டு. மாப்பிள்ளைக்கு ஆற்றில் நீந்தத் தெரியும் என்பது இங்கே உதவாது. குழந்தையின் கையை நீயோ அவரோ பிடித்தே இருக்க வேண்டும். செல்பி எடுக்கும் நேரத்தில்தான் கை விடுபடுகிறது.

காணும் பொங்கலன்று மெரினாவில் போலீஸார் குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டையைக் கட்டிவிடுவார்கள். அதை நீ வீட்டிலேயே செய்துவிடு. இரண்டு பேருடைய நம்பரும் இருக்கட்டும், பெயர் வேண்டாம். பெயர் தெரிந்தவரை நம்பிக் குழந்தை போய்விடும். பிரிந்தால் எங்கே நிற்பது என்பதையும் போனவுடனே காட்டிவிடு. அந்த விவேகானந்தர் இல்லம்தான் சரியான அடையாளம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டியை வைக்க 1842-ல் கட்டிய வட்டமான கட்டடம். அந்தக் கதையைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். "ஐஸ்ஹவுஸ்" என்று கேட்டால் சுண்டல்காரர்கூட வழிகாட்டுவார். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசரத்துக்கு 112. அத்தையின் போனிலும் பதிந்து வை.

இன்னொன்று, பெண்கள் யாரும் வெளியே சொல்லாதது. பாத்ரூம் கிடைக்காதே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. அருங்காட்சியகம், ஓட்டல், ரூம் என்று கிளம்பும் ஒவ்வொரு இடத்திலும், தேவை இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் போய்விட்டுக் கிளம்புங்கள். கூட்டத்தில் போவதால் கழுத்தில் செயினும் வேண்டாம், மஞ்சள் கயிறு போதும்.

ஏழு மணிக்கு மணலை உதறி எழுந்துவிடு. அண்ணா சாலை நெரிசலை நம்பக்கூடாது. திரும்பும் டிக்கெட்டில் ஏறும் இடம் எழும்பூரா தாம்பரமா என்று இன்றைக்கே எடுத்துப் பார். எழும்பூரில் வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து விடுகிறார்கள். அப்படியென்றால் மின்சார ரயிலுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்.