வழக்கமும் மனசாட்சியும்

எது நல்லது, எது தீயது என்பதை மனிதன் முதலில் நூல்களிலிருந்து கற்பதில்லை. பெற்றோர் எதைப் புகழ்ந்தனர், அக்கம்பக்கத்தார் எதைப் பழித்தனர் என்பதைக் கண்டே கற்கிறான். அக்குரல்களையே பின்னர் தன் மனசாட்சி என்று எண்ணிக்கொள்கிறான்.

மைசூரு சமஸ்தானத்தின் வரலாறு இதற்குச் சான்று. 19-ஆம் நூற்றாண்டில், நாட்டின் பிற பகுதிகளைப் போலவே அங்கும், சிறுமிக்கு மணம் முடித்து வைப்பதைப் பல குடும்பங்கள் தந்தையின் கடமையாகக் கருதின. அவ்வாறு செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர், மகளிடம் அன்புள்ளவர்களே. தாமதித்தால் ஊர் தூற்றும் என்ற அச்சம் அவர்களுக்கு அறமாகவே தோன்றியது.

பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் ஆட்சியில், 1894-இல் மைசூரு ஒரு சட்டம் இயற்றியது. 8 வயது நிறையாத சிறுமியின் திருமணத்தையும், 50 வயது கடந்தவர் 14 வயது நிறையாத சிறுமியை மணப்பதையும் அது தடுத்தது. இன்று அந்த எல்லை மனத்தை உறுத்துகிறது. அன்று அதுவே துணிவான முயற்சி. பிரிட்டிஷ் இந்தியாவில் 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் வயதை 14 என நிர்ணயித்தது. 1978-இல் அது 18 ஆயிற்று. சிறுமியின் துன்பம் என்றும் ஒன்றே. அதைக் காணும் கண்தான் மாறியது.

இதனால் வழக்கங்கள் யாவும் தீயவை என்றாகாது. வாய்மையையும் விருந்தோம்பலையும் கற்றுத் தந்ததும் சுற்றமே. ஆயினும், ‘எல்லோரும் செய்கிறார்கள்’ என்பதோடு சிந்தனை நின்றுவிடலாகாது. ‘இதனால் துன்புறுபவர் யார்? அவர் நிலையில் இருந்தால் இதை ஏற்க முடியுமா?’ என்ற கேள்வியே வழக்கத்தையும் அறத்தையும் பிரித்துக் காட்டும்.

பிறரால் உருவாகும் ஒவ்வொருவரும் பிறரை உருவாக்கவும் செய்கிறார். பெரியவர்கள் எந்தத் தீமையைக் கண்டு மௌனம் காக்கிறார்களோ, அதையே அவ்வீட்டுக் குழந்தை நல்லதென்று கொள்ளும்.