பழைய லேண்ட் ரோவரும் துருவின் வேதியியலும்

மாணவர்களே, கேமரன் மலையில் காய்கறிகளை ஏற்றிச் செல்லும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு வண்டி உங்கள் தாத்தா வீட்டில் பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைச் சீர்ப்படுத்த வேண்டும். எங்கிருந்து தொடங்குவீர்கள்?

முதலில் வண்டியின் வரலாறு. லேண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு தட்டுப்பாடாக இருந்தது. அதனால் உடற்பகுதியின் தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ஆனால், பாரத்தைத் தாங்கும் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், எஃகினால் ஆனது.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வெளித் தகடு துருப்பிடிக்காமல் இருப்பதைப் பார்த்து, வண்டி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள். அடிச்சட்டம் உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி வடிவம் கொண்டது. சேறும் நீரும் உள்ளே தங்கினால், எஃகு உட்புறத்திலிருந்தே அரிக்கப்படும். வெளியே பூசிய சாயம் அதை மறைத்துவிடும். சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென ஒலிக்கும். அரித்துப்போன இடம் மந்தமாக ஒலிக்கும்.

இரண்டு உலோகங்கள் சேரும் இடம்

இரும்பு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் தேவை. உப்பு இருந்தால் வினை வேகமாகும். அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் அங்கு ஒரு சிறு மின்கலமே உருவாகிறது. வினைபடு வரிசையில் அலுமினியம் இரும்புக்கு மேலே இருக்கிறது. எனவே, அது எலக்ட்ரான்களை இழந்து வெள்ளைத் தூளாக அரிக்கப்படுகிறது. அப்படியானால் அலுமினியம் எஃகைக் காப்பாற்றாதா? தொடும் இடத்தின் அருகில் ஓரளவு காக்கலாம். தொலைவில் உள்ள அடிச்சட்டத்திற்கு அந்தப் பாதுகாப்பு எட்டாது.

மின்னாற்பகுப்பு முறை

சிறிய எஃகுப் பாகங்களின் துருவை மின்னாற்பகுப்பால் நீக்கலாம். பிளாஸ்டிக் வாளியில் நீர் ஊற்றிச் சலவைச் சோடாவைக் கரைக்க வேண்டும். துருப்பிடித்த பாகத்தை 12 வோல்ட் மின்னேற்றியின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைக்க வேண்டும். பாகத்தின் மேல் உருவாகும் ஹைட்ரஜன் குமிழிகள் துருவைத் தளர்த்தும். பிறகு பாகத்தைத் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, உடனே துருத்தடுப்புச் சாயம் பூச வேண்டும். தாமதித்தால் மீண்டும் துருப்பிடிக்கும்.

கவனிக்க வேண்டியவை

• ஹைட்ரஜன் தீப்பற்றும். திறந்தவெளியில், பெரியவர் ஒருவர் துணையுடன் மட்டுமே செய்யுங்கள். பாகங்களைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.
• நேர்முனையில் துருப்பிடிக்காத எஃகை வைக்காதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சுச் சேர்மமாக மாறலாம்.
• அலுமினியப் பாகங்களை அந்தக் கரைசலில் போடாதீர்கள். காரம் அவற்றை அரித்துவிடும்.
• பழைய சாயத்தில் ஈயமும், பழைய பிரேக்கில் கல்நாரும் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதவோ சுரண்டவோ வேண்டாம்.
• ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: துரு தின்ற இரும்பு திரும்பி வராது. அரித்துப்போன அடிச்சட்டத்தின் மேல் சாயம் பூசினால் வண்டி அழகாகத் தெரியும். மலைப்பாதையில் பாரத்துடன் போகும்போது அது முறிந்தால் உயிருக்கே ஆபத்து. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதிய எஃகைப் பற்றவைப்பது தேர்ந்த பற்றவைப்பாளரின் வேலை. சிலர் அடிச்சட்டத்தையே மாற்றி, துத்தநாகம் பூசப்பட்ட புதியதைப் பொருத்துகிறார்கள்.

செய்து பாருங்கள்

இரண்டு இரும்பு ஆணிகளை எடுங்கள். ஒன்றில் செம்புக் கம்பியை இறுகச் சுற்றுங்கள். இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குவளைகளில், உப்பு நீரில் போடுங்கள். சில நாள்களில் எந்த ஆணி அதிகம் துருப்பிடிக்கிறது? வினைபடு வரிசையைக் கொண்டு காரணத்தை எழுதுங்கள். அடிச்சட்டத்திற்குச் செம்பைப் பூசாமல் துத்தநாகத்தைப் பூசுவது ஏன் என்பதற்கும் அதிலேயே விடை இருக்கிறது.