நாவின் முதற்பாடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

பேசத் தொடங்கும் முன்பே குழந்தை சுவைக்கத் தொடங்கிவிடுகிறது. கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைத்துப் பார்க்கும் பருவம், உலகை நாவால் படிக்கும் பருவமாகும். எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கத் திட்டமிடும் பெரியவர்கள், சுவையைக் கற்பிக்க வேண்டிய ஒன்றாகப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஆனால் எதை விரும்புவது, எதை ஒதுக்குவது, சுவைத்ததை எந்தச் சொல்லால் சொல்வது ஆகியவற்றில் பெரும்பகுதி கற்றலால் வருவதே. திருச்சிராப்பள்ளியின் சந்தை, காவிரிக்கரை, அங்கன்வாடி ஆகியவற்றின் வழியே அக்கல்வியின் இயல்பை இப்பாடம் ஆராய்கிறது.

சுவையும் சொல்லும்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அவற்றின் அறிவின் அடிப்படையில் வகைப்படுத்தினார். உடலால் உற்றறிவது முதல் அறிவு. நாவால் சுவைத்தறிவது இரண்டாம் அறிவு. மூக்கும் கண்ணும் செவியும் அதன் பின்னரே வருகின்றன. திருவள்ளுவரோ, நீத்தார் பெருமை அதிகாரத்தில் ஐம்புலன்களை எண்ணும்போது சுவையையே முதலில் வைத்தார்.

இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என ஆறு சுவைகளைத் தமிழ் மரபு வகுத்துள்ளது. நன்னூல் பண்புகளை விளக்கும்போது வண்ணம், வடிவு ஆகியவற்றோடு சுவையையும் குறிப்பிடுகிறது. பேச்சுவழக்கில் இனிப்பு 'தித்திப்பு' ஆகும். உவர்ப்பு 'கரிப்பு' ஆகும். கைப்பு 'கசப்பு' ஆகும். கார்ப்பு, 'காரம்' என்றும் 'உறைப்பு' என்றும் வழங்கும். இச்சொற்களைக் குழந்தை அகராதியிலிருந்து கற்பதில்லை. சுவைக்கும் கணத்தில் அருகிலிருப்பவர் சொல்லும் சொல்லே அதன் மனத்தில் பதிகிறது. துவர்ப்பு என்னும் சொல்லை அறியாத குழந்தை வாழைக்காயைக் கடித்துவிட்டு, "நாக்கு ஒருமாதிரி இருக்கிறது" என்று மட்டுமே கூற இயலும். சொல் கிடைத்த பின்பு, நாவற்பழத்திலும் மாதுளைத் தோலிலும் அதே சுவை இருப்பதைத் தானே கண்டுகொள்ளும்.

நம்பப்பட்ட வரைபடம்

சுவையைப் பற்றிக் குழந்தைகளுக்குக் கற்பிப்பதில் உலகம் முழுவதும் ஒரு பெரும்பிழை நேர்ந்தது. நாவின் நுனியில் இனிப்பு, பக்கங்களில் உவர்ப்பும் புளிப்பும், அடிப்பகுதியில் கைப்பு எனக் காட்டும் 'நாக்கு வரைபடம்' பல நாடுகளின் பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது. அதன் தொடக்கம் 1901ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் டேவிட் ஹேனிக் வெளியிட்ட ஆய்வாகும். நாவின் வெவ்வேறு பகுதிகளில் சுவையுணரும் திறன் சிறிதளவு வேறுபடுவதை அவர் அளந்து கூறினார். 1942இல் எட்வின் போரிங் தம் உளவியல் நூலில் அம்முடிவுகளை வரைபடமாக மாற்றியமைத்தபோது, சிறிய வேறுபாடு பெரிய வேறுபாடாகத் தோன்றியது. ஒரு பகுதி ஒரு சுவையை மட்டுமே உணரும் என்ற தவறான கருத்து அதிலிருந்து பரவியது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் ஆராய்ந்து, அவ்வேறுபாடுகள் மிகச் சிறியன என்பதை உறுதிப்படுத்தினார். அதன் பின்னரும் வரைபடம் வகுப்பறைகளை விட்டு எளிதில் நீங்கவில்லை.

இப்பிழையை உடைக்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு துளி உப்புநீரை நாவின் நுனியிலும் பக்கங்களிலும் பின்பகுதியிலும் வைத்துப் பார்க்கும் ஐந்து வயதுக் குழந்தை, எல்லா இடத்திலும் கரிப்பதைக் கூறிவிடும். வரைபடத்தை மனப்பாடம் செய்த குழந்தையோ தன் நாவை நம்பாமல் தாளை நம்பும். சுவையைச் சொல்லிக் கற்பிப்பதற்கும் சுவைக்கவிட்டுக் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

தெரிந்து தெளிவோம்

நாவில் காணப்படும் சிறு புடைப்புகளுக்குள் சுவைமொட்டுகள் பொதிந்துள்ளன. ஒவ்வொரு மொட்டிலும் ஏறத்தாழ 50 முதல் 100 வரை உயிரணுக்கள் உள்ளன. அவை ஏறக்குறைய பத்து நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. சூடான உணவால் சுட்டுக்கொண்ட நாக்கு சில நாள்களில் மீண்டும் சுவையுணர்வதற்கு இதுவே காரணம்.

ஆறும் ஐந்தும்

இன்றைய அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கோடு ஐந்தாவதாக உமாமியைச் சேர்க்கிறது. 1908இல் சப்பானிய வேதியியலறிஞர் கிக்குனே இக்கேடா, கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றிலிருந்து இச்சுவைக்குரிய குளூட்டமேட்டைப் பிரித்தறிந்தார். பழுத்த தக்காளி, காளான், கருவாடு ஆகியவற்றில் நாவை நிறைக்கும் சுவை இதுவே.

அறுசுவையுள் அடங்கும் கார்ப்பையும் துவர்ப்பையும் அறிவியல் வேறுவகையாக விளக்குகிறது. மிளகாயிலுள்ள கேப்சைசின், வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. அந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. துவர்ப்புப் பொருள்களிலுள்ள டானின், உமிழ்நீரின் புரதங்களோடு இணைந்து வாயின் வழவழப்பைக் குறைக்கிறது. நாக்கு இறுக்கிப் பிடிப்பதுபோல் தோன்றுகிறது. எனவே கார்ப்பும் துவர்ப்பும் தொடுவுணர்வோடு தொடர்புடையவை. இதனால் தமிழ் மரபின் பகுப்பு பிழையாகிவிடாது. அறிவியல் உணர்விகளை எண்ணுகிறது. மரபு உண்பவரின் பட்டறிவை எண்ணுகிறது. இரண்டு கணக்குகளையும் அறிந்த மாணவர் ஒன்றைக்கொண்டு மற்றொன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்வர்.

சந்தை என்னும் வகுப்பறை

சுவைக்கவிட்டுக் கற்பிக்க வேண்டிய பொருள்கள் எளிதில் கிடைப்பவை. திருச்சிராப்பள்ளித் தென்னூரில் உள்ள உழவர் சந்தையில் ஒருமுறை நடந்துவந்தாலே அவை கண்ணில் படும். பாகற்காயில் கைப்பு, மாங்காயில் புளிப்பு, வாழைப்பூவில் துவர்ப்பு, இஞ்சியில் கார்ப்பு, கேரட்டில் மெல்லிய இனிப்பு எனச் சுவைகள் குவியல் குவியலாய்க் கிடக்கின்றன. நெல்லிக்காயைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் நீரே இனிப்பதுபோல் தோன்றும். ஒரு சுவை அடுத்த சுவையை மாற்றும் என்பதைக் குழந்தை வியப்போடு கற்கும் இடம் அது.

காவிரிக்கரை வட்டாரத்திற்கே உரிய பாடப்பொருள் வாழை. தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்டது. பூவன், ரஸ்தாளி, ஏலக்கி, நேந்திரன், கற்பூரவல்லி எனப் பல வகைகள் இங்கு விற்கப்படுகின்றன. பூவனில் இனிப்போடு சிறு புளிப்பு கலந்திருக்கும். கற்பூரவல்லியில் இனிப்பு மிகுந்திருக்கும். கண்ணை மூடிச் சுவைத்து வகையைக் கூறுவது குழந்தைகளுக்கு விளையாட்டு. அதுவே புலன்களைக் கூர்மையாக்கும் பயிற்சி. ஒரே தாரின் காயையும் பழத்தையும் அடுத்தடுத்துச் சுவைக்கக் கொடுத்தால், காயின் துவர்ப்பு எங்கே போயிற்று என்ற வினா தானே எழும். பழுக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதும், டானின் நாவை இறுக்கும் தன்மையை இழப்பதும் விடையாக அமையும். அறிவியல் பாடம் நாவிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

விழாவும் அறுசுவையும்

ஊரின் வழக்கங்களும் சுவையைக் கற்பித்து வந்துள்ளன. சித்திரை முதல் நாளில் வெல்லம், மாங்காய், மிளகாய், உப்பு, வேப்பம்பூ ஆகியவை சேர்ந்த பச்சடி இலையில் இடம்பெறும். ஆண்டின் முதல் நாளிலேயே இனிப்போடு கைப்பையும் குழந்தை சுவைக்கிறது. ஆடிப் பதினெட்டாம் நாளில் திருவரங்கம் அம்மா மண்டபப் படித்துறையில் காவிரியை வழிபடும் குடும்பங்கள் சித்திரான்னங்களைப் பகிர்ந்துண்ணும். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல் என ஒரே அரிசி ஐந்து சுவைகளில் குழந்தையின் கைக்கு வருகிறது. திருவானைக்காவின் தலமரம் நாவல். நாவற்பழம் பொதுவாக இனித்துத் துவர்க்கும். உண்டபின் நாவில் ஊதா நிறத்தையும் விட்டுச்செல்லும். இவ்வழக்கங்களில் 'சுவைப்பாடம்' என்ற பெயர் எங்குமில்லை. ஆனால் பாடம் ஆண்டுதோறும் நிகழ்கிறது.

பழக்கத்தால் வரும் விருப்பம்

பிறந்த குழந்தை இனிப்பை ஏற்கிறது. கைப்பை முகம் சுளித்து விலக்குகிறது. நச்சுத்தன்மையுள்ள தாவரப் பொருள்கள் பல கசப்பவை. ஆதலால் இவ்விலக்கல் உயிரைக் காக்கும் இயற்கை ஏற்பாடு எனக் கருதப்படுகிறது. ஆயினும் அது மாறாத விதியன்று. கருவுற்ற காலத்தில் தாய் அருந்திய கேரட் சாற்றின் மணத்தைக் குழந்தை பின்னர் இணை உணவில் விருப்பத்தோடு ஏற்பதை ஜூலி மென்னெல்லா குழுவினர் 2001இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. புதிய உணவை எத்தனை முறை சுவைக்கிறதோ அந்த அளவிற்குக் குழந்தைக்கு அதன்மேல் விருப்பம் வளர்வதை லீன் பர்ச் 1982இல் வெளியிட்ட ஆய்வில் கண்டார். உடனுண்ணும் சிறுவர் விரும்பி உண்பதைப் பார்த்தும் விருப்பம் மாறும் என்பதை அவருடைய முந்தைய ஆய்வு ஒன்று உணர்த்தியது.

அங்கன்வாடியின் பந்தியில் இவ்விரண்டும் ஒருசேர நிகழ்கின்றன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கப்பட்டது. 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். பசி தீர்ப்பதே அதன் முதல் நோக்கம். அதனோடு மற்றொரு பயனும் விளைந்தது. ஒரே காய் மீண்டும் மீண்டும் தட்டில் வருகிறது. அருகில் அமர்ந்த தோழி அதை உண்கிறாள். வீட்டில் கீரையை ஒதுக்கும் குழந்தை பந்தியில் ஒரு வாய் உண்ணத் துணிகிறது. அந்த ஒரு வாய்க்கு இடமளிப்பதே கற்பித்தலின் வெற்றி.

வற்புறுத்தல் இதற்கு நேர் எதிரானது. "கீரையை உண்டால் மிட்டாய் தருவேன்" என்னும் பேரம், கீரை தண்டனை என்றும் மிட்டாய் பரிசு என்றும் கற்பித்துவிடுகிறது. "வேண்டாம்" என்னும் குழந்தையின் சொல்லை மதித்து, அதே காயைச் சில நாள் கழித்து மீண்டும் சிறிதளவு வைப்பதே நலம். பொட்டலத் தின்பண்டங்கள் உப்பாலும் சர்க்கரையாலும் நாவை எளிதில் கவர்ந்துவிடும் காலம் இது. கைப்பையும் துவர்ப்பையும் இளமையில் பழகாத நா, காய்களையும் கீரைகளையும் வாழ்நாள் முழுவதும் ஒதுக்க நேரலாம். சுவைக்கல்வி நலவாழ்வோடு தொடர்புடையதாவது இவ்விடத்தில்தான்.

புலன்களைப் பயிற்றிய பள்ளிகள்

குழந்தைக் கல்வியில் புலன்பயிற்சிக்கு முதன்மையிடம் தந்தவர் மரியா மாண்டிசோரி. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்புக் கரைசல்களைக் குழந்தைகள் நாவில் தொட்டுச் சுவைத்தறியும் பயிற்சியை அவர் தம் நூலில் குறிப்பிட்டார். சுவைத்தபின் இளஞ்சூடான நீரால் வாய் கொப்பளிப்பதையும் அதன் வழியே கற்பித்தார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த அவர், இரண்டாம் உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அக்காலத்தில் கொடைக்கானலிலும் வாழ்ந்தார். பிரான்சில் ழாக் புய்சே என்பவர் 1970களில் பள்ளிக் குழந்தைகளுக்குச் சுவை வகுப்புகளை நடத்தினார். உண்பதைக் கவனித்து, தான் உணர்ந்ததைத் தன் சொல்லால் கூறச்செய்வதே அவ்வகுப்புகளின் நோக்கம்.

இப்பயிற்சிகளில் காப்பு நெறிகளும் தேவை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. கடினமான கொட்டைகள் சிறுகுழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடும். ஒவ்வாமை உள்ளதா எனப் பெற்றோரிடம் முன்னரே கேட்டறிதல் வேண்டும்.

நாவிலிருந்து நூலுக்கு

தமிழில் சுவை என்னும் சொல் நாவோடு நின்றுவிடவில்லை. நகைச்சுவை, அவலச்சுவை எனக் கலையின் உணர்வுகளுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. செவியால் நுகரும் சுவையைத் திருவள்ளுவர் கேள்வி அதிகாரத்தில் பேசுகிறார். ஒரு வாய் உணவை நிதானமாகச் சுவைத்து, அதன் வேறுபாட்டை உணர்ந்து, பொருத்தமான சொல்லைத் தேடும் குழந்தை, பின்னாளில் ஒரு செய்யுளையும் அவ்வாறே அணுகும். பிறர் சுவைத்துச் சொன்னதை ஒப்பிப்பது கல்வியாகாது. தான் சுவைத்து உணர்ந்ததைச் சொல்லத் துணிவதே கல்வி. அத்துணிவின் முதற்பாடம் நாவில் தொடங்குகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் காய், கனி, கீரைகளைச் சுவை அடிப்படையில் அட்டவணைப்படுத்துக.
2. மூக்கை மூடிக்கொண்டு சீரக மிட்டாயைச் சுவைத்து, பின்னர் மூக்கைத் திறந்து சுவைத்துப் பாருங்கள். உணர்ந்த வேறுபாட்டை ஒரு பத்தியில் எழுதுக.
3. உங்கள் பகுதியில் சுவைகளைக் குறிக்க வழங்கும் பேச்சுச் சொற்களைப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுக்க.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. அறிவியல் கூறும் ஐந்து சுவைகளைக் குறிப்பிடுக.
2. துவர்ப்பு எவ்வாறு உணரப்படுகிறது?

சிறுவினா
1. நாக்கு வரைபடம் பிழையானது என்பதை விளக்குக.
2. அங்கன்வாடிப் பந்தி சுவைக்கல்விக்கு எவ்வாறு துணைபுரிகிறது?

நெடுவினா
'சுவையைச் சொல்லிக் கற்பிக்க இயலாது. சுவைக்கவிட்டே கற்பிக்க இயலும்' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளோடு நிறுவுக.