வீடு ஏத்தத்துக்கு மேலேயா, கீழேயா?

தங்கச்சி, கண்டியில் வேலை சரிவந்துவிட்டது, மாவனல்லைப் பக்கம் ஒரு வீடு பார்த்துத் தா அக்கா என்று கேட்டிருந்தாய். பார்த்துத் தரலாம். அதற்கு முதல் நீயும் கொஞ்சம் யோசி. யட்டியாந்தோட்டை, தெரணியகலை, இரத்தினபுரித் தோட்டங்களில் படித்து ஆளான பிள்ளைகள் பலர் இப்போது கண்டியிலும் கொழும்பிலும் வேலை எடுத்துவிட்டு, டவுன் வாடகைக்குப் பயந்து வெளியே வீடு தேடுகிறார்கள். எல்லாரும் முதலில் கேட்பது, “எத்தனை கிலோமீற்றர்?” அந்தக் கேள்வியை நம்பி வீடு எடுத்தவர்கள்தான் பிறகு காலையும் மாலையும் பாதையில் கிடக்கிறார்கள்.

மாவனல்லையிலிருந்து கண்டி முப்பது கிலோமீற்றருக்குள். கொழும்பு ஏறத்தாழ 90. கணக்கைப் பார்த்தால் கண்டி கைக்கெட்டும் தூரம். நடுவில் கடுகண்ணாவை ஏத்தம் இருக்கிறதே! கனேதென்னை தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறத் தொடங்கிவிடும். கொள்கலன் லொறியொன்று வளைவில் பழுதாகி நின்றால், பஸ்ஸுக்குள் இருக்கிற நீ வேலைக்குப் பிந்தப்போகிறாய் என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். மழைக்காலம் இன்னும் மோசம். 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மேடு சரிந்து பாதையோரக் கடையில் விழுந்து உயிர்கள் போயின, கண்டி வீதியை மூடினார்கள். அடுத்த கிழமையே டித்வா புயல். ரம்புக்கனைக்கு மேலே ரயில்பாதை சேதமாகி, கொழும்பிலிருந்து வந்த ரயில்கள் ரம்புக்கனையோடு திரும்பின. ஹெம்மாத்தகம வழியாகக் கம்பளைக்குப் போகலாம், குருநாகலைச் சுற்றியும் போகலாம்தான். அவை திறந்திருந்தாலும் ஒருநாள் இரண்டுநாளுக்குச் சரி, தினமும் போய்வர முடியாது.

ஆகவே நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே அந்த ஏத்தம் வரக்கூடாது. கண்டியில் வேலை என்றால் மேலேயே வீடு பார். கடுகண்ணாவை, பிலிமத்தலாவை, பேராதனை என்று பாதையோரமாகவே ஊர்கள் இருக்கின்றன. வாடகை இங்கேயைவிடக் கூடத்தான். அந்த வித்தியாசத்தைப் பஸ் காசோடும், பாதையில் தொலைகிற மணித்தியாலங்களோடும் சேர்த்துக் கணக்குப் பார். கொழும்பில் வேலை என்றால் மாவனல்லையும் வேண்டாம், ரம்புக்கனைக்குப் போ. 1867இல் கண்டிக்கு ரயில் வந்த காலத்திலிருந்து மலையேற்றம் தொடங்குகிற இடம் அது. கொழும்பிலிருந்து அதுவரை இரட்டைப் பாதை, அதற்கு மேலே ஒற்றைப் பாதை. அதனால்தான் காலையில் கொழும்புக்கு ஒஃபிஸ் ரயில்கள் அங்கிருந்தே புறப்படுகின்றன. புறப்படுகிற இடத்தில் ஏறினால் உட்கார்ந்து போகலாம், இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஏறினால் அந்த வசதி போய்விடும். 2022இல் பெற்றோல் வரிசையில் நாடே நின்றபோது, சீசன் டிக்கெட் கையில் வைத்திருந்தவர்கள் எப்படியோ வேலைக்குப் போய்வந்தார்கள்.

அப்படியானால் மாவனல்லை யாருக்கு? கணவனுக்குக் கொழும்புப் பக்கம், மனைவிக்குக் கண்டிப் பக்கம் என்று வேலை இரண்டு திசையில் இழுக்கிற வீட்டுக்கு. கேகாலையிலேயே வேலை உள்ளவர்களுக்கு. பிள்ளைகளைத் தமிழ் மொழிமூலம் படிக்கவைக்க வேண்டும் என்பவர்களுக்கு. சாஹிரா, பதுரியா பாடசாலைகள் இங்கே இருக்கின்றன, ஆதார வைத்தியசாலை இருக்கிறது, கடைத்தெருவில் தமிழிலேயே காரியம் பார்க்கலாம். தோட்டத்திலிருந்து புதிதாக வருகிற பெண்ணுக்கு இந்தக் கடைசி விஷயம் சின்னதல்ல. உன் வீட்டுக்காரருக்குக் கொழும்பு வேலை நிரந்தரமாகுமா என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடு.

இந்த ஊரின் பழைய கொள்ளைக்காரன் சரதியேல் உதுவன்கந்தவைப் பிடித்ததே கண்டிப் பாதையில் போகிற வண்டிகள் கண்ணுக்குத் தெரியும் என்றுதான். 1864இல் அவனைத் தூக்கிலிட்டது வேறு கதை. இடம் தேர்வதில் ஆள் கெட்டிக்காரன்.

ஊரை முடிவு செய்துவிட்டால், காலைப் பஸ்ஸைப் பார்க்காதே. காலையில் எங்கிருந்தும் போய்விடலாம். பின்னேரம் எப்படித் திரும்புவது என்று பார். வேலை முடிந்து ஆறு, ஏழு மணிக்குக் கண்டியில் கொழும்பு பஸ்கள் புறப்படுகிற இடத்தில் போய் நின்று பார். கொழும்புக்குப் போகிற பஸ்காரனுக்குக் கடைசிவரை போகிற ஆள்தான் வேண்டும். ஏசி பஸ்ஸில் மாவனல்லையில் இறங்கினாலும் பெரும்பாலும் கொழும்புக்கான காசுதான். மற்றப் பஸ்ஸில் சீற்றைக் கொழும்புக்காரர் பிடித்துவிடுவார், நீ கம்பியைப் பிடித்துக்கொண்டு இறக்கம் முழுக்க ஆடிக்கொண்டு வரவேண்டும். இ.போ.ச. பஸ் எத்தனை மணிக்குக் கடைசி, அதற்குப் பிறகு பிரதான வீதியிலிருந்து வீட்டு வாசலுக்கு ஓட்டோ கிடைக்குமா, அந்தக் குறுக்குப் பாதையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார். இரவு வேலை வருகிற பெண் இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

இனி வீடு. கேகாலை மாவட்டத்தில் வீடு எடுக்கிறவர் முதலில் மண்ணைப் பார்க்கவேண்டும், சுவரை அப்புறம் பார்க்கலாம். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை இறங்கி ஊர்களையே மூடியதை நீ மறந்திருக்க மாட்டாய். இங்கிருந்து தூரமில்லாத இடம். வீட்டுக்குப் பின்னால் வெட்டிய மேடு இருக்கிறதா? தாங்கு சுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விட்டிருக்கிறார்களா, அந்த ஓட்டை அடைபட்டுக் கிடக்கிறதா? மேட்டில் உள்ள மரங்களும் மின்கம்பமும் நேராக நிற்கின்றனவா? தரையில் நீளமாக வெடிப்பு ஓடுகிறதா, கதவு சட்டத்தில் இறுகிக்கொண்டு சாத்த மறுக்கிறதா? திடீரென ஊற்று கிளம்பி, அதுவும் கலங்கலாக வந்தால், அந்த வீட்டில் ஒரு இரவும் தங்காதே. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் கவனிக்கச் சொல்லும், 100 என்றால் ஆயத்தமாகச் சொல்லும், 150ஐத் தாண்டினால் வெளியேறச் சொல்லும். காணி வாங்கிக் கட்டுவதாக இருந்தால் அந்த நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் கல் வைக்காதே. வாடகைக்கு என்றாலும் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேள், எந்த வீட்டை எந்த மழைக்கு எழுப்பிவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மேட்டுக்குப் பயந்து பள்ளத்துக்கும் ஓடாதே. மா ஓயா அமைதியாக ஓடுவது மாதிரி இருக்கும். வீட்டுச் சொந்தக்காரர் புதுசாகப் பெயின்ட் அடித்திருந்தால் அலுமாரியை நகர்த்தி, பின்சுவரைப் பார். இடுப்பளவில் மண்ணிறக் கோடு தெரிந்தால் ஆறு அந்த வீட்டுக்குள் வந்துபோயிருக்கிறது. ஆற்றின் மேலுள்ள கல் பாலம் 1833இல் வெள்ளைக்காரர் கட்டியது, இன்னும் நிற்கிறது. அதை நம்பி ஆற்றோரத்தில் குடியேறாதே, பாலத்துக்கு வளைவு போட்டவர்கள் உன் வாடகை வீட்டைக் கட்டவில்லை. தண்ணீர் பைப்பா, கிணறா, ஊர்த் திட்டமா என்று கேள். கிணறு என்றால் மார்ச் மாதத்தில் எப்படி என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேள். வீட்டுச் சொந்தக்காரரிடம் கேட்டால் “வற்றவே வற்றாது” என்பார்.

பிள்ளை சின்னது, பாடசாலைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று விட்டுவிடாதே. முதலாம் வகுப்பு அனுமதியில் பாதி இடங்கள் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு. அதற்குப் பார்ப்பது ஐந்து வருட வாக்காளர் இடாப்பும், உறுதி அல்லது பதிவு செய்த குத்தகைப் பத்திரமும், மின்சாரப் பட்டியலும்தான். ஆகவே வந்த வருடமே தோட்டத்து முகவரியிலிருந்து பெயரை மாற்றி இந்தக் கிராம உத்தியோகத்தர் பிரிவில் பதிந்துவிடு. வாடகை ஒப்பந்தத்தை நொத்தாரிசு மூலம் எழுது. வாய்ப்பேச்சில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வீட்டை விடும்போது அந்தக் காசுக்கு அலைகிறவர்கள் இந்த ஊரிலும் உண்டு.

இன்னொன்று. “ஹைவே வரப்போகுது, காணி விலை ஏறும்” என்று தரகர் சொல்வார். மத்திய அதிவேகப் பாதையில் 2022 ஜனவரியில் திறந்தது மீரிகமவிலிருந்து குருநாகல் வரைதான். ரம்புக்கனைப் பக்கம் போகிற துண்டில் நீ ஓடிப் பார்த்த பிறகு அந்த விலையைக் கொடு.

வீடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வராதே, ஒக்டோபர் மழையில் ஒரு வேலைநாள் வா. காலையில் இங்கிருந்து கண்டிக்குப் போய், வேலை விடுகிற நேரத்துக்கு நீயே பஸ்ஸில் திரும்பி வா. குடையும், அடையாள அட்டையும், உன் வீட்டுக்காரரும் கூட வரட்டும். அட்வான்ஸ் காசை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வா.