வீடே அலுவலகமானால்

கைத்தறி நெசவாளருக்கு வீடும் தொழிற்கூடமும் பெரும்பாலும் ஒன்றே. ஆலைகள் தோன்றிய பின்னர்தான் உழைப்பாளர் வீட்டை விட்டு வெளியே சென்று வேலை செய்யும் வழக்கம் பெருகிற்று. 2020-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள் கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, மென்பொருள் எழுதுவோர் அலுவலகத்தை விட்டு மீண்டும் வீட்டுக்குள் வந்து அமர்ந்தனர். ஊரடங்கு நீங்கிய பின்னரும் அப்பழக்கம் முற்றிலும் நீங்கவில்லை. நம்முள் பலர் படிப்பு முடிந்ததும் இத்தொழிலை நாடுவோர். ஆதலின், வீட்டிலிருந்து வேலை செய்வதால் ஒரு மென்பொருள் குழு பெறுவது யாது, இழப்பது யாது என ஆராய்தல் பயனுடையதாகும்.

மென்பொருள் பெரும்பாலும் தனியொருவர் ஆக்கம் அன்று. பலர் கூடிச் செய்வது. ஒரு குழுவில் ஐவர் இருப்பின், இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் இணைப்புகள் 10. பதின்மர் இருப்பின் 45. ஆள் இரு மடங்கானால் இணைப்பு நான்கு மடங்குக்கும் மேலாகிறது! இக்கணக்கைப் பிரெடரிக் புரூக்ஸ் 1975-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பே, 1968-ல், மெல்வின் கான்வே என்பார், ஒரு நிறுவனம் வகுக்கும் அமைப்பு அந்நிறுவனத்தாரின் பேச்சுத் தொடர்பு எவ்வடிவினதோ அவ்வடிவையே கொண்டிருக்கும் என எழுதினார். பேச்சு அறுந்த இடத்தில் நிரலும் பொருந்தாது போகும் என்பது இதனால் விளங்கும்.

வீட்டிலிருந்தபோது இவ்விணைப்புகள் என்னவாயின? மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் அமெரிக்க ஊழியர் 61,182 பேர், 2020-ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் தமக்குள் கொண்ட தொடர்பை ஆராய்ந்து, 2021-ல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொரு குழுவும் தன் வட்டத்துள் ஒடுங்கிற்று. பிற குழுவினரோடு இருந்த தொடர்பு தளர்ந்தது. உடனுக்குடன் பேசித் தெளிவது குறைந்து, எழுதிவிட்டு விடைக்குக் காத்திருப்பது பெருகிற்று.

எனின், வீட்டு வேலை கேடுதானா? அவ்வாறு முடிவு கட்டுதல் பொருந்தாது. ஷாங்காய் நகரத்து டிரிப்.காம் நிறுவனத்தில் 1,612 ஊழியரை வைத்து 2021, 2022 ஆண்டுகளில் ஒரு சோதனை நடந்தது. வாரத்தில் இரு நாள் வீட்டிலிருந்து வேலை செய்தவர்களின் திறம் குறையவில்லை. வேலையை விட்டு விலகுவோர் தொகையோ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால், ஊரடங்கின்போது எல்லா நாளும் வீட்டிலிருந்தே உழைத்த ஓர் ஆசியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தின் 10,000-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, வேலை நேரம் கூடியது, விளைவு கூடவில்லை. கூட்டங்கள் பெருகி, இடையூறின்றி வேலை செய்யும் நேரம் சுருங்கிற்று. வாரம் இரு நாள் என்பதும் எந்நாளும் என்பதும் வெவ்வேறு என்பதை மறத்தலாகாது.

நாம் சிறப்பாகக் கருத வேண்டியது மற்றோர் ஆராய்ச்சி. அமெரிக்கப் பெருநிறுவனம் ஒன்றில் பொறியாளர்கள் இரு கட்டடங்களில் இருந்தனர். குழுவினர் அனைவரும் ஒரே கட்டடத்தில் இருந்தால், அவர்கள் எழுதிய நிரலுக்குக் கிடைத்த திருத்தமும் கருத்துரையும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகுதி. தொற்றினால் அலுவலகம் மூடப்பட்டதும் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்தது. அருகிருந்ததால் பெரும்பயன் பெற்றவர் புதியவர்கள். அதனால் தாம் எழுதும் நிரலில் குறைவு கண்டவர் மூத்தவர்கள். மூத்தவர் இழந்த நேரமே இளையவர் பெற்ற கல்வி! வீட்டிலிருக்கும் மூத்தவர் மிகுதியாக எழுதுகிறார், கற்பிப்பதோ குறைகிறது. ஒரு மாதக் கணக்கில் இது இலாபமாகத் தோன்றும். சில ஆண்டுகள் கழித்துத் தேர்ந்த பொறியாளர் எங்கிருந்து வருவர்?

ஆயினும், தொலைவு ஒன்றே குற்றவாளி அன்று. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய லினக்ஸ், ஒருவரையொருவர் காணாத பல நாட்டாரால் வளர்ந்தது. அங்கே விவாதம் பெரும்பாலும் யாவரும் படிக்கும் மின்னஞ்சலில் நடைபெறுகிறது. 2005-ல் அவர் ஆக்கிய 'கிட்' என்னும் கருவி, நிரலில் யார், எப்போது, என்ன மாற்றினார் என்பதைக் காரணக் குறிப்போடு காத்து வைக்கிறது. பக்கத்து நாற்காலியில் கேட்டறிவதை அங்கே ஏட்டில் படித்தறியலாம்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்குச் சொந்த ஊரிலிருந்தே வேலை என்பது இனிய சொல். வாடகை மிச்சம்; பெற்றோர் அருகில்; தமிழ்ப் பேச்சு. இவை சிறிய நன்மைகள் அல்ல. எனினும், மாணவ நண்பர்களே, முதல் வேலையை ஏற்குமுன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். குழுவினர் அனைவரும் ஒன்றாகக் கூடும் நாள் உண்டா? எடுத்த முடிவுகளை எழுதி வைக்கும் வழக்கம் உண்டா? என் நிரலைப் படித்துத் திருத்தும் மூத்தவர் யார்? மூன்றுக்கும் நல்ல விடை கிடைப்பின் வீட்டிலிருந்தும் கற்கலாம். இல்லையேல், தொடக்க ஆண்டுகளையேனும் அலுவலகத்தில் மூத்தவர் அருகில் கழிப்பதே நலம்.